அரசன் எரித்த சுருளும் நெஞ்சில் நின்ற பாடலும்

யூதாவின் அரசன் யோயாக்கிம் தன் குளிர்கால மாளிகையில் அமர்ந்திருக்கிறான். அவனுக்கு முன்னே கணப்புச் சட்டியில் நெருப்பு எரிகின்றது. எரேமியா சொல்லச் சொல்லப் பாரூக்கு எழுதிய ஏட்டுச் சுருளை ஒருவர் படித்துக்காட்டுகிறார். மூன்று நான்கு பத்திகள் முடிந்தவுடன் அந்தப் பகுதி கத்தியால் அறுக்கப்பட்டு நெருப்பில் எறியப்படுகிறது. எரிக்க வேண்டாமென்று சிலர் மன்றாடுகின்றனர்; அவன் செவிசாய்க்கவில்லை. சுருள் முழுவதும் சாம்பலாகிறது. எரேமியா நூலின் 36 ஆம் அதிகாரம் காட்டும் காட்சி இது. அந்த அதிகாரம் சாம்பலோடு முடிந்துவிடவில்லை. வேறொரு சுருள் எடுக்கப்படுகிறது. எரேமியா மீண்டும் சொல்கிறார். பாரூக்கு மீண்டும் எழுதுகிறார். எரிந்துபோன சொற்களோடு புதிய சொற்களும் சேர்ந்துகொள்கின்றன.

திருநூலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கவிதையே. தாவீதின் பெயரால் வழங்கும் திருப்பாடல்கள், யோபுவின் முறையீடு, இனிமைமிகு பாடல், எசாயா, ஆமோசு போன்றோரின் கண்டன உரைகள் யாவும் கவிதைகள். ஆதலால், கவிஞரை அரியணையில் இருப்போர் எவ்வாறு நடத்தினர் என்னும் வினா நமக்கு வெறும் இலக்கிய வினா அன்று. பெத்தேல் திருத்தலத்தின் குருவாகிய அமட்சியா, இது அரசனின் திருத்தலம், இங்கே உனக்கு இடமில்லை என்ற கருத்தில் ஆமோசைத் துரத்தினான். கிரேக்கத்திலோ பிளேட்டோ தமது இலட்சியக் குடியரசில் கவிஞர்க்கு வாயிற்கதவை அடைத்தார். மெய்யியலுக்கும் கவிதைக்கும் இடையே உள்ள பூசல் பழையது என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆட்சியாளரின் இகழ்ச்சியும் அறிஞரின் ஐயமும் அன்று தொட்டே கவிதையைத் தொடர்ந்து வந்துள்ளன.

இந்த நெடிய வரலாற்றிலிருந்து ஒரே ஒரு நகரத்தின் கதையை இங்கே எடுத்துக்கொள்வோம். அது இருபதாம் நூற்றாண்டின் லெனின்கிராடு. இன்று மீண்டும் புனித பீட்டர்ஸ்பர்க் என்று அழைக்கப்படும் நகரம்.

தந்தை தடுத்த பெயர்

அன்னா கொரேன்கோ 1889 ஆம் ஆண்டு ஒதெஸ்ஸா நகருக்கு அருகில் பிறந்தார். பெண் கவிதை எழுதுகிறாள் என்று கேள்வியுற்ற தந்தையார் மகிழவில்லை. தம் குடும்பப் பெயருக்கு இழுக்கு வரக்கூடாதென்று எச்சரித்தார். மகள் வாதாடவில்லை. தாய்வழிப் பாட்டிமாருள் ஒருவருடையதாகச் சொல்லப்பட்ட தாத்தாரியப் பெயரொன்றை எடுத்துத் தமக்குச் சூட்டிக்கொண்டார். அவ்வாறுதான் அன்னா அக்மதோவா என்னும் பெயர் பிறந்தது. கவிதைக்கு வந்த முதல் இகழ்ச்சி அரண்மனையிலிருந்து வரவில்லை, வீட்டுக் கூடத்திலிருந்தே வந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்; பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

1912 இல் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. 1914 இல் வந்த இரண்டாம் நூல் அவரை நாடறியச் செய்தது. அந்நூலின் பெயர் 'செபமாலை'. கீழைத் திருச்சபையினர் விரல்களால் உருட்டிச் செபிக்கும் மணிமாலையையே அச்சொல் குறிக்கும். காதலும் பிரிவும் பற்றிய அக்கவிதைகள் சிறியவை, அடக்கமானவை. பின்னால் ஒரு பேரரசே அவற்றைக் கண்டு சினங்கொள்ளும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

1917 இல் புரட்சி வந்தது. அவருடைய முதற்கணவரும் கவிஞருமான நிக்கொலாய் குமில்யோவ், சதிக் குற்றம் சாட்டப்பட்டு 1921 ஆகஸ்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1920களின் நடுப்பகுதி முதல் அக்மதோவாவின் புதுநூல் எதுவும் அச்சேறவில்லை. அவருடைய காலம் முடிந்துவிட்டது, புதிய சமுதாயத்திற்கு அவர் தேவையற்றவர் என்று திறனாய்வாளர்கள் தீர்ப்பளித்தனர். அவர் நாட்டைவிட்டு ஓடவில்லை. நண்பர் பலர் பாரிசுக்கும் பெர்லினுக்கும் சென்றபோதும் தம் மக்களோடு தங்கிவிட்டார்.

'சிலுவைகள்' என்னும் சிறை

நேவா ஆற்றின் கரையில் செங்கல்லால் எழுப்பப்பட்ட பெருஞ்சிறை ஒன்று உண்டு. அதன் இரு பெரும் கட்டடங்களும் சிலுவை வடிவில் அமைந்தவை. ஆதலால் மக்கள் அதனைக் 'கிரெஸ்தி' என்பர். 'சிலுவைகள்' என்பது பொருள். ஸ்டாலின் ஆட்சியின் பேரச்சம் உச்சத்தை எட்டிய 1937, 1938 ஆம் ஆண்டுகளில் லெனின்கிராடின் தாயரும் மனைவியரும் சகோதரியரும் சிறைவாயில்களில் இரவும் பகலும் வரிசையில் நின்றனர். கையில் சிறிது பணமோ ஒரு பொட்டலமோ இருக்கும். சிறு சன்னலில் அதை ஏற்றுக்கொண்டால் உள்ளே இருப்பவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று பொருள். ஏற்க மறுத்தால் அவர் வேறிடம் கொண்டுசெல்லப்பட்டிருக்கலாம், கொல்லப்பட்டும் இருக்கலாம். காரணம் சொல்ல எவரும் இல்லை.

அக்மதோவாவின் ஒரே மகன் லேவ் 1935 இல் கைதாகிச் சில நாளில் விடுவிக்கப்பட்டார். 1938 இல் மீண்டும் கைதானார். தந்தையின் பெயரே மகனுக்குக் குற்றமாயிற்று. தாய் 17 மாதங்கள் சிறைவாயில்களில் காத்திருந்தார். ஒரு நாள், குளிரில் உதடு நீலம்பாய்ந்த ஒரு பெண் அவரை அடையாளம் கண்டுகொண்டு, இதை உங்களால் எழுத்தில் சொல்ல முடியுமா என்று காதோடு கேட்டார். அங்கே எல்லாரும் காதோடுதான் பேசுவர். முடியும் என்றார் கவிஞர். அந்த முகத்தில் புன்னகை போன்ற ஏதோ ஒன்று ஒரு கணம் தோன்றி மறைந்ததாக அவரே பின்னர்ப் பதிவு செய்திருக்கிறார்.

அந்தப் பெண் ரொட்டியோ, விடுதலை மனுவோ, ஆறுதல் மொழியோ கேட்கவில்லை. தங்கள் துயரம் பெயரற்றுப் போய்விடக்கூடாது என்பதையே கேட்டார். கவிதையால் என்ன பயன் என்று வினவுவோர்க்கு, வரலாறு தரும் விடைகளுள் இதனினும் தெளிவானதொன்றை நாம் அறியோம்.

அவ்வாறு உருவானதே 'இரங்கற்பா' என்னும் கவிதைத் தொகுதி. இறந்தோருக்கான திருப்பலியைக் குறிக்கும் 'ரெக்குயெம்' என்ற இலத்தீன் சொல்லையே அவர் தலைப்பாக வைத்தார். ஆனால் அதைத் தாளில் எழுதி வைத்தல் இயலாது. வீட்டில் அகப்பட்டால் மகனின் உயிருக்கே உலை. ஆகையால் ஒரு வழி கண்டார். நம்பிக்கைக்குரிய தோழி வந்தால், பிறர் கேட்கும்படி தட்பவெப்பம் பற்றியோ தேநீர் பற்றியோ பேசுவார். பேசிக்கொண்டே ஒரு துண்டுத்தாளில் சில வரிகளை எழுதி நீட்டுவார். தோழி ஓசையின்றிப் படித்து மனத்தில் பதித்துக்கொள்வார். பின்னர் அத்தாள் சாம்பல்கிண்ணத்தில் எரிக்கப்படும். அவ்வாறு மனப்பாடம் செய்தவருள் ஒருவர் லிதியா சுக்கோவ்ஸ்கயா. இயற்பியல் அறிஞரான அவருடைய கணவரும் 1938 இல் கொல்லப்பட்டவர்.

யோயாக்கிமின் கணப்புச் சட்டியை இங்கே நினைவுகூராமல் இருக்க இயலவில்லை. அங்கே அரசன் எரித்தான். இங்கே கவிஞரே எரித்தார். எனினும் இரண்டிடத்திலும் நெருப்பு தோற்றது. ஒருசில மனிதரின் நினைவு என்னும் ஏட்டில் கால் நூற்றாண்டுக்காலம் அக்கவிதை அழியாமல் இருந்தது. 1962 இல்தான் துணிந்து தட்டச்சு செய்யப்பட்டது. 1963 இல் மியூனிக் நகரில் அச்சேறியது. அவர் பிறந்த மண்ணில் அது முழுமையாக வெளிவர 1987 வரை காத்திருக்க நேர்ந்தது.

அத்தொகுதியின் இறுதிப் பகுதிகளுள் ஒன்று கல்வாரியைக் காட்டுகிறது. மகதலா மரியாவும் அன்புச் சீடரும் அங்கே இருக்கின்றனர். ஆனால் தாய் அமைதியாய் நின்ற இடத்தை நோக்கிப் பார்வையைத் திருப்ப எவருக்கும் துணிவில்லை. தவக்காலத்தில் வியாகுல அன்னையின் முன் முழந்தாளிட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'சிலுவைகள்' என்னும் பெயருடைய சிறையின் வாயிலில் நின்ற தாயொருத்தி, சிலுவையடியில் நின்ற தாயைக் கண்டுகொண்டார்; அவ்வளவே. கடவுள் இல்லையென்று அறிவித்த அரசின் கோட்டைக்குள்ளே, புனித வெள்ளியின் நற்செய்தி ஒரு கவிஞரின் நெஞ்சில் காக்கப்பட்டது.

மேடையிலிருந்து வந்த வசை

1941 இல் செருமானியப் படை லெனின்கிராடைச் சூழ்ந்தபோது அரசுக்குத் திடீரென்று கவிஞர் தேவைப்பட்டார். செப்டம்பரில் அக்மதோவா வானொலி வழியாக நகரின் பெண்களுக்கு உரையாற்றினார். பின்னர் அவர் தாஷ்கண்டுக்கு அனுப்பப்பட்டார். 1942 மார்ச்சில் அவருடைய கவிதையொன்று கட்சி நாளேடான 'பிராவ்தா'விலேயே வெளிவந்தது. உருசிய மொழியைக் காப்போம் என்ற அந்த உறுதிமொழி மக்களின் உள்ளத்தைத் தொட்டது. போர் முடிந்தபின் 1946 இல் மாஸ்கோவில் அவர் கவிதை படித்தபோது அவையினர் எழுந்து நின்று கைதட்டினர். யார் இவர்களை எழுந்து நிற்க ஏற்பாடு செய்தது என்று ஸ்டாலின் வினவியதாக ஒரு செய்தி வழங்கியது. உண்மையோ அன்றோ, அந்த வினாவில் அக்கால ஆட்சியின் உள்ளம் தெரிகின்றது. ஏற்பாடு செய்யாமலே மக்கள் எழுந்து நிற்கும் ஒருவரை அந்த ஆட்சியால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

1946 ஆகஸ்டு 14 அன்று கட்சியின் மத்தியக் குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. லெனின்கிராடின் இரு இலக்கிய இதழ்கள் கண்டிக்கப்பட்டன. ஒன்று மூடப்பட்டது, மற்றொன்றுக்குப் புதிய ஆசிரியர் அமர்த்தப்பட்டார். நகைச்சுவை எழுத்தாளர் சோஷென்கோவும் அக்மதோவாவும் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டனர். தீர்மானத்தை விளக்கிப் பேச மாஸ்கோவிலிருந்து வந்தவர் ஆந்திரே ஷ்தானோவ். ஸ்டாலினுக்கு அடுத்த நிலையிலிருந்த தலைவர்களுள் ஒருவர். லெனின்கிராடின் முன்னாள் கட்சித் தலைவரும் அவரே. எழுத்தாளர் கூட்டத்தில், 57 வயதுப் பெண்மணி ஒருவரை, பாதித் துறவி, பாதி விலைமகள் என்று அவர் வசைபாடினார். செபமும் காமமும் கலந்த குப்பை என்றார் அவருடைய கவிதையை. அவையில் ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. அந்த வசையும் அவருக்குச் சொந்தமானதன்று. 1923 இல் ஒரு திறனாய்வாளர் கவிதையின் பாங்கை விளக்க ஆண்ட தொடரைத் திரித்து எடுத்தாண்டதே அது.

எழுத்தாளர் சங்கத்திலிருந்து அக்மதோவா நீக்கப்பட்டார். உணவுப் பங்கீட்டு அட்டையும் பறிபோனது. அந்தத் தீர்மானம் பள்ளிகளில் பாடமாயிற்று. ஆக, ஒரே நகரத்தில் இருவகை மனப்பாடம் நிகழ்ந்தது. வகுப்பறைகளில் மாணவர்கள் அரசின் வசையைப் பாடமாகப் படித்தனர். அடைத்த கதவுகளுக்குப்பின் ஒருசிலர் கவிஞரின் பாடலை நெஞ்சில் வைத்திருந்தனர். எது நின்றது என்பதைக் காலம் சொல்லிவிட்டது.

ஆயினும் அக்மதோவாவை நாம் குற்றங்குறையற்ற வீராங்கனையாக்கிவிடக் கூடாது. அது உண்மைக்கும் அவருக்கும் செய்யும் அநீதியாகும். 1949 இல் மகன் மீண்டும் கைதாகிப் பத்தாண்டு முகாம் தண்டனை பெற்றார். 1950 இல், ஸ்டாலினைப் புகழும் கவிதைகள் சில அக்மதோவாவின் பெயரில் ஒரு வார இதழில் வெளிவந்தன. அவற்றை எழுதியவர் அவரே. மகனை மீட்க வேறு வழி தெரியாத தாயின் மன்றாட்டு அது. அதனாலும் மகன் விடுதலை பெறவில்லை. ஸ்டாலின் இறந்து மூன்றாண்டு கழித்து 1956 இல்தான் திரும்பினார். அதன்பின்னும் தாய்க்கும் மகனுக்கும் இடையே கசப்பு நீடித்தது. இந்தப் பாடல்களுக்காக அவரைக் கல்லெறியத் துணிவோர் முதலில் அச்சிறைவாயிலில் 17 மாதங்கள் நின்று பார்க்கட்டும்.

கவிஞர் என்று உன்னை யார் சேர்த்தது?

அக்மதோவாவின் முதுமையில் அவரைச் சூழ்ந்திருந்த இளங்கவிஞருள் ஒருவர் யோசிஃப் பிராட்ஸ்கி. 1940 இல் லெனின்கிராடில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 15 வயதில் பள்ளியை விட்டார். தொழிற்சாலையிலும் பிணவறையிலும் நிலவியல் ஆய்வுப் பயணங்களிலும் வேலை பார்த்தார். போலந்து மொழியும் ஆங்கிலமும் தாமே கற்றுக் கவிதைகளை மொழிபெயர்த்தார். 1963 நவம்பரில் நகரின் மாலை நாளேடொன்று அவரைச் சோம்பேறி என்று ஏளனம் செய்து கட்டுரை வெளியிட்டது. 1964 பிப்ரவரியில் கைதானார். சமுதாயத்திற்கு உழைக்காமல் ஒட்டுண்ணியாய் வாழ்பவர் என்பது குற்றச்சாட்டு.

பிப்ரவரி 18 அன்று நடந்த விசாரணையை ஃபிரீதா விக்தோரவா என்ற பெண் பத்திரிகையாளர் கையால் குறித்துக்கொண்டார். கையிலிருந்து கைக்குப் படியெடுக்கப்பட்டு அக்குறிப்பு உலகெங்கும் பரவியது. கவிஞர் என்று உன்னை ஏற்றுக்கொண்டது யார், கவிஞர் வரிசையில் உன்னைச் சேர்த்தது யார் என்று கேட்டார் நீதிபதி. யாருமில்லை, மனித இனத்தில் என்னைச் சேர்த்தது யார் என்று திருப்பிக் கேட்டார் 23 வயது இளைஞர். இதற்காக எந்தக் கல்லூரியில் பயின்றாய் என்ற கேள்விக்கு, இது கல்வியால் வருவதென்று தாம் எண்ணவில்லை என்றார். பின் எதனால் வருகிறது என்று நீதிபதி விடவில்லை. இளைஞர் சற்றுத் தடுமாறிச் சொன்னார்: கடவுளிடமிருந்து என்று நினைக்கிறேன்.

முழங்கியோ சவால் விடுத்தோ சொன்ன சொல் அன்று அது. எந்தச் சமயத்தின் வழிபாட்டிலும் முறையாகப் பங்கேற்காத ஓர் இளைஞர், வேறு விடை தெரியாமல் சொன்ன எளிய உண்மை. ஆமோசு அமட்சியாவிடம் சொன்னதும் ஏறத்தாழ இதுவே. தாம் இறைவாக்கினர் குழுவைச் சேர்ந்தவரல்லர், ஆடு மேய்த்தவர், ஆண்டவரே அழைத்தார் என்பதே அவர் மறுமொழி. சான்றிதழ் கேட்கும் அதிகாரத்துக்கு அழைத்தல் என்பது ஒருநாளும் விளங்குவதில்லை.

மார்ச் 13 அன்று தீர்ப்பு வந்தது. தொலைவான வட பகுதியில் ஐந்தாண்டு கட்டாய உழைப்பு. ஆர்க்காங்கெல்ஸ்க் மாவட்டத்தின் நோரென்ஸ்கயா என்னும் சிற்றூரில் பிராட்ஸ்கி விறகு பிளந்தார், எருச் சுமந்தார், இரவில் ஆங்கிலக் கவிதைகளைப் படித்தார். அக்மதோவா, இசைமேதை ஷொஸ்தகோவிச் முதலியோர் அவருக்காகப் பரிந்து பேசினர். அயல்நாட்டு எழுத்தாளரும் குரல் கொடுக்கவே, 1965 செப்டம்பரில் விடுதலையானார். விசாரணையைக் குறித்து வைத்த விக்தோரவா அந்த விடுதலையைக் காணவில்லை. சில வாரங்களுக்கு முன்னரே நோயால் இறந்திருந்தார். 1972 இல் பிராட்ஸ்கி நாட்டைவிட்டே அனுப்பப்பட்டார். 1987 இல் இலக்கியத்திற்கான நோபெல் பரிசு பெற்றார். 1996 இல் நியூயார்க்கில் இறந்தார். தம் வாழ்நாளின் பல ஆண்டுகளில் கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி ஒரு கவிதை எழுதுவதை அவர் வழக்கமாகக் கொண்டிருந்தார்.

காலத்தின் தீர்ப்பு

ஷ்தானோவ் 1948 இல் இறந்தார். அவர் பிறந்த மரியுபோல் நகருக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1989 இல் அப்பெயர் நீக்கப்பட்டது. 1946 ஆம் ஆண்டின் தீர்மானத்தை அதை இயற்றிய கட்சியே 1988 இல் திரும்பப் பெற்றது. அக்மதோவா 1966 மார்ச் 5 அன்று இறந்தார். 13 ஆண்டுகளுக்கு முன் ஸ்டாலின் இறந்ததும் ஒரு மார்ச் 5. நகரின் புனித நிக்கொலாஸ் பேராலயத்தில் அவருக்கு இறுதி மன்றாட்டு நடந்தது. தமக்கு என்றேனும் சிலை எழுப்புவதானால், தாம் காத்து நின்ற அச்சிறைவாயிலருகே எழுப்ப வேண்டும் என்பது அவர் கவிதையில் விட்டுச்சென்ற விருப்பம். 2006 இல் நேவா ஆற்றின் மறுகரையில், 'சிலுவைகள்' சிறைக்கு எதிரே, அவருடைய சிலை நிறுவப்பட்டது.

இத்தோடு கட்டுரையை முடித்துவிட்டால் இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் கவிதை நல்லது, அதை இகழ்வோர் தீயோர் என்று கோடு கிழித்துவிட முடியாதபடி ஒரு செய்தி குறுக்கே நிற்கிறது. ஸ்டாலினும் ஒரு காலத்தில் கவிஞர். திப்லிசு நகரின் குருமடத்தில் பயின்ற நாள்களில், 1895 இல், அவருடைய ஜார்ஜியக் கவிதைகள் புகழ்பெற்ற இதழொன்றில் வெளிவந்தன. ஆகவே கவிதை எழுதுவதோ படிப்பதோ தானாகவே ஒருவரை நல்லவராக்கிவிடாது. திருப்பாடல்களைப் பாடிய நாவினரும் குருதி சிந்தியதுண்டு. அவ்வாறாயின் கவிதையின் மதிப்பு எங்கே உள்ளது?

இன்னொரு கவிஞரின் முடிவு இதற்கு ஒளி தருகிறது. ஓசிப் மண்டல்ஷ்டாம் 1933 இல் ஸ்டாலினைச் சாடும் சிறு கவிதையொன்று இயற்றினார். எழுதாமலே நண்பர் சிலரிடம் சொல்லிக்காட்டினார். 1934 இல் கைதாகி உள்நாட்டிலேயே வேறிடத்துக்குக் கடத்தப்பட்டார். 1938 இல் மீண்டும் கைதாகி, அவ்வாண்டு டிசம்பர் 27 அன்று விளாதிவஸ்தோக் அருகே ஓர் இடைமுகாமில் மாண்டார். எங்கள் நாட்டில்தான் கவிதைக்காக மனிதரைக் கொல்கிறார்கள். வேறெங்கும் அதற்கு இத்தனை மதிப்பில்லை என்ற பொருளில் அவர் கூறியதுண்டு. அவர் மனைவி நதேழ்தா அவருடைய கவிதைகளை மனப்பாடமாய்ச் சுமந்து ஊர் ஊராய் அலைந்து காப்பாற்றினார்.

ஆட்சியாளர் காட்டிய இகழ்ச்சி உண்மையில் அச்சத்தின் மாறுவேடம் என்பதே இதனால் பெறப்படும். பயனற்ற ஒன்றை ஒழிக்க எந்த அரசும் மத்தியக் குழுவைக் கூட்டுவதில்லை. அதிகாரம் மனிதரை எண்ணிக்கையாக்குகிறது; கவிதையோ ஒவ்வொருவருக்கும் பெயரைத் திருப்பித் தருகிறது. அதிகாரம் சொற்களைத் தேய்க்கிறது; கவிதை அவற்றைத் துலக்குகிறது. அழக்கூடாதென்று தடுக்கப்பட்டவர்க்குக் கவிதை அழுகையின் மொழியைக் கற்றுத் தருகிறது. புலம்பல் நூல் எருசலேமின் இடிபாடுகளைக் கட்டி எழுப்பவில்லை. ஆனால் இடிபாடுகளிடையே அமர்ந்திருந்த மக்கள் கடவுளிடம் பேச அது வாய் தந்தது.

நம் இல்லத்து யோயாக்கிம்

பிறரைக் குறைகூறிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. திருச்சபையின் வரலாற்றிலும் இக்குறை உண்டு. சிலுவையின் புனித யோவானை 1577 டிசம்பரில் தொலேதோ மடத்தின் இருட்டறையில் அடைத்தவர்கள் அவருடைய கார்மேல் சபையினரே. கவிதைக்காக அன்று, சபைச் சீர்திருத்தப் பூசலில் அது நிகழ்ந்தது. ஆயினும் ஸ்பானிய மொழியின் தலைசிறந்த ஞானப் பாடல்களுள் ஒன்றின் பெரும்பகுதி அந்த ஒன்பது மாத இருளில்தான் பிறந்தது. இயேசு சபைக் குருவான ஹாப்கின்ஸ், 1875 டிசம்பரில் கப்பல் உடைந்து மாண்ட ஐந்து பிரான்சிஸ்கன் கன்னியரைப் பற்றி நெடுங்கவிதை எழுதினார். அவர் சபையினரின் இதழே அதை வெளியிடத் தயங்கிக் கைவிட்டது. அவர் 1889 இல் இறந்தார்; அக்மதோவா பிறந்த ஆண்டும் அதுவே. ஹாப்கின்சின் கவிதைகள் நூலாக வெளிவந்தது 1918 இல்.

மறுபுறம், இளமையில் புனைபெயரில் கவிதை எழுதிய கரோல் வொய்த்திவா என்னும் குரு, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலாகி, 1999 உயிர்ப்புப் பெருவிழாவில் உலகக் கலைஞர்க்கெல்லாம் ஒரு மடல் எழுதினார். இளமையில் பள்ளியில் இலக்கிய ஆசிரியராய் இருந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024 இல் இலக்கியம் பற்றித் தனி மடலே வரைந்தார். குருமாணவர் உருவாக்கத்தில் இலக்கியம் அலங்காரப் பொருளாய் ஒதுக்கப்படுவதைக் கண்டு வருந்திய அவர், பிறர் குரலுக்குச் செவிகொடுக்கும் பயிற்சி அதில் உண்டென்று எடுத்துரைத்தார்.

நம் வீடுகளில் நடப்பதென்ன? கணப்புச் சட்டி நம்மிடம் இல்லை, கத்தியும் இல்லை. ஆயினும் மகளோ மகனோ ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பதைக் கண்டால், இது சோறு போடுமா என்று கேட்டுவிடுகிறோம். அக்மதோவாவின் தந்தை கேட்டதும், லெனின்கிராடு நீதிபதி கேட்டதும் அடிப்படையில் இதே கேள்வி. திருவிழா மலருக்குப் பக்கம் நிரப்பவும், வரவேற்பு மடல் வாசிக்கவும் நமக்குக் கவிஞர் வேண்டும். ஞாயிறு திருப்பலியில் பதிலுரைப் பாடலின்போது நம் கண்கள் கடிகாரத்தை நாடுகின்றன. கொடுங்கோலன் கவிதையை அஞ்சி எரித்தான். நாம் அஞ்சுவதுமில்லை, எரிப்பதுமில்லை, கேளாமல் இருந்துவிடுகிறோம். இரண்டில் எது பெரிய அவமதிப்பு என்பதை நம் மனச்சான்று சொல்லட்டும்.

பெரிதாக எதுவும் செய்யவேண்டியதில்லை. வாரத்திற்கு ஒரு திருப்பாடலையேனும் குடும்பமாகக் கூடிப் படித்து மனத்தில் நிறுத்துவோம். அடகு வைக்கவோ பறிமுதல் செய்யவோ இயலாத செல்வம் அது. நோய்ப்படுக்கையிலும் துயர இரவிலும் கண்ணாடி இல்லாமல், விளக்கு இல்லாமல் படிக்கக்கூடிய ஒரே நூல், நெஞ்சில் எழுதப்பட்ட நூலே. நீலம்பாய்ந்த உதடுகளோடு வரிசையில் நின்ற அந்தப் பெயர் தெரியாப் பெண் நம்மிடமும் ஒரு நாள் வந்து அதே கேள்வியைக் கேட்கக்கூடும். அப்போது முடியும் என்று சொல்ல நம் வீட்டில் ஒரு பிள்ளையாவது இருக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் குறிப்பேட்டை நாம் நெருப்பிலிடாமல் வைத்திருக்க வேண்டும்.